ஓடைக்கு அந்தப் பக்கத்து ரேட்டு

ஊர்ல உள்ளவன் எல்லாம் கேட்டு முடிச்சாச்சு தம்பி. இப்பல்லாம் நான் டீக்கடைக்குள்ள நுழைஞ்சா கிளாஸை வச்சிட்டு எந்திரிச்சுப் போறானுவ. நீங்க இந்த பஸ்ல திருநெல்வேலி வரைக்கும் வாறிய இல்லா? அப்ப நேரம் இருக்கு.

ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். ஒரு கடையில உப்பு வாங்குதிய. தெக்குத் தெருக்காரனுக்கு ஒரு விலை, வடக்குத் தெருக்காரனுக்கு ஒரு விலைன்னு கடைக்காரன் விப்பானா? வித்தா விடுவமா? கரண்டை வித்தானுவ தம்பி. எங்க ஊர்ல வித்தானுவ.

என் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்க ஆலடிப்புத்தூர். பன்னெண்டு தறி போட்டிருந்தேன். பவர்லூம். எல்லாம் ஈரிழைத் துண்டு. எங்க ஊருக்குக் கிழக்க ஒரு ஓடை. ஓடைன்னா மழை பெஞ்சா மட்டும்தான் ஓடை, மத்த நாள்ல ஆடு மேயும். ஓடையைத் தாண்டுனா நத்தக்காடு. அங்க எம் பொண்டாட்டியோட தம்பி முப்பிடாதி தறி போட்டிருக்கான். தொழிலு நான் சொல்லிக் குடுத்தது. எனக்குக் கல்யாணமான புதுசுல வந்து, அத்தான், எனக்கும் ஒரு வழி காட்டுங்கன்னு நின்னான். வருசக்கணக்கா என் தறி செட்டுல கிடந்து கத்துக்கிட்டான். சம்பளம்னு அவன் கேக்கல, நானும் குடுக்கல. சொந்தத்துக்குள்ள சம்பளம்னா நல்லாவா இருக்கும்?

பிறகு போய் அந்தப் பொட்டக்காட்டுல செட் போட்டான். நான் சிரிச்சேன். அங்க என்ன இருக்கு, சுத்திச் சுத்திக் காத்தாடி. கரண்டு எடுக்குதாவளே, அந்தப் பெரிய காத்தாடி. விர்ரு விர்ருன்னு சத்தம். மாப்பிள்ளை, உன் தறிச் சத்தம் உனக்கே கேக்காதுடேன்னு சொன்னேன். அவன் எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டான், அதுதான் அவங்கிட்ட உள்ள கள்ளத்தனம்.

இதுக்கு நடுவுல ஒரு விஷயம். அது இதுல சேராது, ஆனா சொல்லிருதேன், என்னைப் பத்தித் தெரியணும்லா. நத்தக்காட்டுல இருந்து எங்க ஊருக்குப் புதுசா பெரிய லைன் இழுக்கணும்னு அளக்க வந்தாவ. பழைய கம்பி ஒல்லியா இருக்காம், தாங்காதாம். டவர் நிக்க இடம் பாத்தது எங்க? என் செட்டை ஒட்டிக் கிடக்க காலி மனையில. அதுல நான் மாடி வீடு கட்டணும்னு நினைச்சிருந்தேன். இன்னும் கட்டல, அது வேற. என் வாசல்ல கொண்டாந்து ராட்சசன் மாதிரி இரும்பை நட்டு வச்சா நான் காலையில எதைப் பாத்து எந்திரிக்க?

எம் பொண்டாட்டி ஆவுடையம்மா அப்பயே சொன்னா. முள்ளு மொளச்சுக் கிடக்க மனைதானே, குடுத்துட்டுப் போவோம், நஷ்டஈடும் தாராவன்னு. பொம்பளைக்கு என்ன தெரியும்? நான் விடல. பந்தல் போட்டு ஊரைக் கூட்டி உக்காந்தேன். கோர்ட்டுல போய்த் தடை வாங்குனேன். அளக்க வந்தவன் செயினைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். எனக்குச் சால்வை போட்டாவ தம்பி. ஊருக்குள்ள டவரை வரவிடாத மனுசன்னு மைக்கில சொன்னாவ. போட்டோ இருக்கு, போன்ல. பிறகு காட்டுதேன்.

சரி. அது முடிஞ்சு போச்சா. அடுத்த வருசம் மீட்டரை மாத்துனாவ. ஸ்மார்ட் மீட்டர். எங்க தாலுகாவுல சோதனைக்காம். இனிமே ஊருக்கு ஊர் கரண்டு ரேட்டு வேற வேறயா இருக்கும், அரை மணி நேரத்துக்கு ஒருக்க மாறும், மீட்டர்ல இருக்க சின்னக் கண்ணாடியில பாத்துக்கிடலாம்னு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனான். நான் வாசிக்கல. இப்படி எத்தனையோ நோட்டீஸ் வருது.

மொத பில்லு வந்துது. தப்பா அடிச்சிருக்கான்னு நினைச்சு மடிச்சு வச்சிட்டேன். ரெண்டாவது பில்லும் அப்படித்தான் வந்துது. தற்செயலா முப்பிடாதிகிட்டக் கேட்டேன், மாப்பிள்ளை உனக்கு எப்படின்னு. அவனுக்குப் பழைய பில்லுல பாதி. எனக்குப் பழைய பில்லுல ஒண்ணரை மடங்கு. ஒரே துண்டு, ஒரே தறி, ஒரே கரண்டு. நடுவுல ஒரு காஞ்ச ஓடை. எப்படி இருக்கும் எனக்கு?

நேரா கரண்டு ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு பிள்ளை இருந்துச்சு. ஜெசிந்தான்னு பேரு, இஞ்சினியராம். என் மக வயசுதான் இருக்கும், எனக்கு மக இருந்திருந்தா. மரியாதையாத்தான் உக்காரச் சொல்லிச்சு. தண்ணி குடுத்துச்சு. நான் சத்தம் போட்டு முடிக்க வரைக்கும் பேசாம இருந்துச்சு. அதுக்கப்புறம் விளக்குச்சு. கல்யாண வீடு மாதிரி நினைச்சுக்கிடுங்க அண்ணாச்சின்னு ஆரம்பிச்சுது. சமையல்கட்டுல அண்டா அண்டாவா சாம்பார் இருக்கு. ஆனா பந்திக்குக் கொண்டுவர ஒரே ஒரு வாளிதான். சமையல்கட்டுப் பக்கத்துல உக்காந்தவனுக்கு வேணுங்கமட்டும் கிடைக்கும். கடைசிப் பந்தியில இருக்கவனுக்கு வாளி வாறதுக்குள்ள காலியாயிரும், அவனுக்கு வெளிய ஓட்டல்லதான் வாங்கிட்டு வரணும், அது விலை கூடத்தானே இருக்கும்னுச்சு. காத்தாடி எல்லாம் நத்தக்காட்டுல. அங்க கரண்டு மிஞ்சிப் போய்க் கிடக்கு. ஓடை தாண்டி வாற கம்பி ஒல்லி. அதுல வாறது போதாமத்தான் உங்க ஊருக்குத் தூரத்துல இருந்து விலை கூடுன கரண்டைக் கொண்டு வாறோம்னுச்சு.

நான் சொன்னேன், ஏம்மா, நான் என்ன உங்க வீட்டுல பந்திக்கா வந்திருக்கேன், வாளியை இன்னும் ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானேன்னு.

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. "அந்த வாளியத்தான் அண்ணாச்சி நீங்க கோர்ட்டுக்குப் போய் நிறுத்துனிய"ன்னுச்சு.

பாத்தியளா பேச்சை? நான் கரண்டு ரேட்டைக் கேக்க வந்தா அது டவரைப் பேசுது. டவருக்கும் ரேட்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் நிறுத்துனது இரும்பை. கரண்டையா நிறுத்துனேன்? படிச்ச பிள்ளைய எல்லாம் இப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆனி வந்துது, காத்து ஆரம்பிச்சுது. அந்தக் காலம்தான் தம்பி நான் பட்ட பாடு. காத்து சுத்தச் சுத்த அந்தப் பக்கம் ரேட்டு எறங்குது. சில நேரம் சும்மா குடுத்த மாதிரிதான். என் செட்டு வாசல்ல நின்னா காத்தாடி அத்தனையும் தெரியும். சுத்துது, நான் பாக்குதேன். என் மீட்டரைப் பாக்குதேன், ஏறிக்கிட்டு நிக்குது. காத்து எங்க ஊருக்கும்தானே அடிக்குது? என் வேட்டியும்தானே பறக்குது? அதுக்கு ரேட்டுல ஒண்ணும் கழிக்க மாட்டானா?

தறியை ரேட்டு எறங்குத நேரம் பாத்துத்தான் ஓட்ட முடிஞ்சுது. ஓட்டுன்னா ஓட்டணும், நிப்பாட்டுன்னா நிப்பாட்டணும். தறி ஓட்டுதவன் சும்மா உக்காந்திருந்தா சம்பளம் குடுப்பமா? ஓடுன நேரத்துக்குத்தானே கூலி. ஒவ்வொருத்தனா நத்தக்காட்டுக்கு நடக்க ஆரம்பிச்சுட்டான். முப்பிடாதி கூப்பிடவே இல்லங்கான். கூப்பிடாம போவானா?

தார் சுத்துததுக்கு ஆவுடையம்மா இருந்தா, ரெண்டு பொம்பளைகளும் இருந்தாவ. தறியில குறுக்க ஓடுத நாடாவுக்குள்ள போற நூலைச் சுத்தி வைக்கதுதான் தார் சுத்துதது. அந்த ரூம்ல ஒரு ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துது, அதையும் கழட்டிட்டேன். ரேட்டு அப்படி இருக்கு, என்ன செய்ய? என் மேசைக்கு மேல உள்ளது மட்டும்தான் ஓடுச்சு, நான் கணக்குப் பாக்கணும்லா. அந்த ரெண்டு பேரும் நின்னுட்டாவ. அவ மட்டும் சுத்துனா. முந்தானையால முகத்தைத் தொடைப்பா, சுத்துவா. ஒண்ணும் சொல்லல. அக்காளும் தம்பியும் அதுல ஒரே மாதிரி.

ஒரு நாள் மனசை அடக்கிக்கிட்டு முப்பிடாதிகிட்டப் போனேன். நானா போய் நிக்கேன், பாத்துக்கிடுங்க. மாப்பிள்ளை, உன் செட்டுல இருந்து என் செட்டுக்கு ஒரு வயரை இழுத்துக்கிடுதேன். ஓடையில முள்ளுக்குள்ள போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, உன் பில்லுல வாறதை நான் குடுத்துருதேன்னேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, வேண்டாம் அத்தான், கேஸாயிரும்னான். வேணும்னா உங்க தறியில நாலை இங்க கொண்டாந்து போடுங்க, இடம் இருக்குன்னான். என் தறியைக் கொண்டுபோய் அவன் கூரைக்குக் கீழ போடணுமாம். எங்கிட்டத் தொழில் படிச்சவன் எனக்கு இடம் தாறான். அன்னைக்கோட பேச்சை நிறுத்திட்டேன்.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, இவனுக்கு மட்டும் இவ்வளவு குறைவா வருதுன்னா என்னமோ திருட்டுத்தனம் இருக்கு. மீட்டர்ல கை வச்சிருப்பான். அந்தப் பிள்ளை சாம்பார் வாளி கதையெல்லாம் சொல்லி மறைச்சது இதைத்தான் இருக்கும். திருட்டைப் பாத்துட்டுப் பேசாம இருந்தா நம்மளும் திருடன்தானே? கரண்டுத் திருட்டைப் பிடிக்க ஆபீசர்மாரு இருக்காவளே, அவங்களுக்குப் போன் போட்டேன். நத்தக்காட்டுல முப்பிடாதி செட்டுல போய்ப் பாருங்கன்னேன். என் பேரு சொல்லல. என் நம்பர்ல போடவும் இல்ல. சொந்தக்காரன், நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்லா. ஆவுடையம்மா போனு அடுப்பாங்கரையில சார்ஜுல கிடந்துது. அதுலதான் போட்டேன்.

ஜீப்புல வந்து பாத்தாவ. மீட்டரைப் பிரிச்சு, வயரை நோண்டி, பொழுதெல்லாம் பாத்தாவளாம். ஊரே கூடி வேடிக்கை பாத்துதாம். ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாவ. போனவன் சும்மா போவாம, தகவல் சொன்ன நம்பருக்குத் திருப்பி அடிச்சிருக்கான். பொய்த் தகவல் சொன்னா நடவடிக்கை எடுப்போம்னு சொல்லியிருக்கான். எடுத்தது இவ. உங்க நம்பர்ல இருந்துதான் முப்பிடாதியைப் பத்திச் சொன்னாவன்னு அந்த ஆபீசர் பேசுதான். இவ கேட்டுக்கிட்டு நிக்கா.

நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். போனைக் கொண்டாந்து இலை பக்கத்துல வச்சா.

"இதுலயா பேசுனிய?"ன்னா.

நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மோரை ஊத்துளான்னேன். ஊத்துனா. நல்லா ஞாபகம் இருக்கு, ஊத்தத்தான் செஞ்சா. அதனால நான் பெருசா எடுத்துக்கிடல.

அடுத்த வாரம் லாரி வந்துது. தறி எல்லாம் அவ பேர்ல இருந்துது தம்பி. பொம்பளை பேர்ல வாங்குனா மானியம் கூடன்னு நான்தான் அவ பேர்ல வாங்குனேன். பேரு அவ பேரு, தறி என் தறி. அதை அவ கேக்கல. எட்டுத் தறியைக் கழட்டி ஏத்துனா. பழசு நாலை எனக்கு விட்டுட்டா. தறி ஓட்டுத பயலுவ, எங்கிட்ட வேலை பாத்தவனுவதான், வந்து கழட்டுதானுவ. அக்கா, இதைப் பாத்துத் தூக்கணும், அக்கா, இதுக்குச் சாக்கு குடுங்கன்னு அவளைத்தான் கேக்கானுவ. நான் டீக்கடையில உக்காந்திருந்தேன். ஓடையைத் தாண்டுததுக்குள்ள திரும்பிருவான்னு நினைச்சேன். ரேட்டுக்காகத்தான் போறா, கோவம் எல்லாம் சும்மா, புத்தியுள்ள பொம்பளை கரண்டு குறைவான இடத்துக்குப் போறான்னு கடைக்காரன்கிட்டச் சொன்னேன். அவன், உங்களுக்கு இன்னொரு டீ போடவா அண்ணாச்சின்னான்.

வீடு இந்தப் பக்கம்தானே? ராத்திரிக்கு வந்துருவான்னு இருந்தேன். தம்பி வீட்டுலயே தங்கிட்டா. சோறு மட்டும் ஆள்கிட்டக் குடுத்து விடுதா. குறை சொல்லக் கூடாது, குழம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

நான் நாலு தறியை வச்சுக்கிட்டு, பொறுத்துப் பாத்தேன். மனு மேல மனுவாக் குடுத்தேன். கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்தேன். எல்லாத்துக்கும் ரேட்டுதான் காரணம், ரேட்டை ஒண்ணாக்கு, வேற எதுவும் வேண்டாம்னு கேட்டேன். என் மனுவாலதான் நடந்துதுன்னு நான் சொல்லுதேன், அந்தப் பிள்ளை ஜெசிந்தா வேற மாதிரி சொல்லுது. ஊர்க்காரனுவ எல்லாம் சேந்து, எனக்குச் சால்வை போட்டானுவளே அதே ஆளுவதான், என் மனையை விட்டுட்டு குளத்தங்கரை வழியா டவர் போட இடம் எழுதிக் குடுத்துட்டானுவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. லைனை இழுத்துட்டாவ. போன மாசம் அந்தப் பிள்ளையே எனக்குப் போன் பண்ணுச்சு. அண்ணாச்சி, இன்னையில இருந்து உங்க பக்கமும் நத்தக்காடும் ஒரே ரேட்டு, மீட்டரைப் பாருங்கன்னுச்சு. பாத்தேன். முப்பிடாதி செட்டுல வேலை பாக்குத பயகிட்டப் போன் போட்டுக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணு. ஒரு பைசா வித்தியாசம் இல்ல.

அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துதுங்கிய. குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, ஓடையைத் தாண்டி நடந்தே போனேன். செட்டுக்குள்ள போனா வரிசையா ஃபேன் ஓடுது. தார் சுத்துத இடத்துல ஆறேழு பொம்பளைய உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காவ. என்னைக் கண்டதும் நிறுத்திட்டாவ. ஆவுடையம்மா நாற்காலியில உக்காந்து மதுரைக்காரன் யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டு இருந்தா. துண்டு ரேட்டை எறக்க முடியாது, வேணும்னா எடுங்க, இல்லன்னா விடுங்கன்னு சொல்லிட்டு வச்சா. எங்கிட்ட வியாபாரி பேசும்போது பக்கத்துல கூட நிக்க மாட்டா அவ.

எனக்கு நாற்காலி போடச் சொன்னா. டீ வந்துது. நான் சொன்னேன், ரேட்டு ஒண்ணாயிட்டு, பாத்தியா, லாரிக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன், தறியை ஏத்துன்னேன்.

"தெரியும். எனக்கும் மீட்டர் இருக்கு."

"பிறகு என்ன? இனி இங்க கிடந்து என்ன செய்ய?"

அவ என்னைப் பாத்தா. கோவமாவும் பாக்கல. யாரோ வழி கேட்டு வந்தவனைப் பாக்க மாதிரி பாத்தா.

"இங்க ஓட்டம் நல்லா இருக்கு. நான் வரல. நீங்க வேணும்னா வாங்க, தறிக்கு ஒரு ஆள் தேவைதான்"ன்னா.

"சம்பளத்துக்கா?"

"எல்லாருக்கும் உள்ளதுதான்"னா. "சும்மா வேலை வாங்க மாட்டேன்."

முப்பிடாதி அந்தப் பக்கம் நின்னு நூல் கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தான். நிமிந்து பாக்கல. டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன். லாரிக்காரன் ஓடைக்கு இந்தப் பக்கமே வண்டியைப் போட்டுக்கிட்டு நின்னான். அவன் வாடகையையும் குடுத்தேன்.

யோசிச்சுப் பாத்தேன் தம்பி, நல்லா யோசிச்சேன். ரேட்டு ஒண்ணா இருந்தும் ஒருத்தி வரலைன்னா என்ன அர்த்தம்? மீட்டர்க் கண்ணாடியில ஒண்ணாக் காட்டுது, உள்ள ஏதோ வித்தியாசம் இருக்கு. அங்க இன்னும் ஏதோ குறைச்சுக் குடுக்கானுவ. இல்லைன்னா அவ ஏன் அங்க இருக்கா? வேற காரணமே இல்லையே. அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்?

அதுக்குத்தான் இப்பத் திருநெல்வேலிக்குப் போறேன். பெரிய ஆபீசுல மனு குடுக்கணும். இந்தத் தடவ என் ரேட்டைக் குறைன்னு கேக்கல. அதெல்லாம் கேட்டு முடிச்சாச்சு. நத்தக்காட்டுக்கு ரேட்டைக் கூட்டுங்கன்னு கேக்கப் போறேன். அரை மணிக்கு ஒருக்க மாத்தத் தெரிஞ்சவனுக்கு இது ஒரு வேலையா? கூட வேண்டாம், எங்க ஊரை விட ஒரு அஞ்சு பைசா கூடுனாப் போதும். எப்படியாப்பட்ட பொம்பளையா இருந்தாலும் கணக்குப் பாப்பாள்லா, வந்துருவா.

உங்களுக்கு அந்த ஆபீசுல யாரையும் தெரியுமா தம்பி?